உரிமையாளரின் திரையில் மட்டும் அழகாகத் தெரியும் இணையதளங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இணையதளம் வடிவமைக்கும் தொழிலில் இருப்பதால், பிறர் செய்து கொடுத்த தளங்களும் சீரமைப்புக்காக எங்களிடம் வருவதுண்டு. மாம்பழக்கூழ் ஆலைகள், கிரானைட் நிறுவனங்கள், ஓசூர் சிப்காட்டைச் சார்ந்து இயங்கும் சிறு பட்டறைகள், ஒகேனக்கல் பயணிகளை எதிர்பார்த்திருக்கும் தங்கும் விடுதிகள், தனியார் பள்ளிகள் எனத் தொழில்கள் வெவ்வேறாக இருந்தாலும் குறைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. தளத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் உரிமையாளர், அதை அலுவலகத்தின் பெரிய திரையில், ஃபைபர் இணைப்பில், பலமுறை திறந்து பார்த்ததால் படங்களெல்லாம் கணினியிலேயே சேமிப்பாகிவிட்ட நிலையில் பார்க்கிறார். வாடிக்கையாளரோ அதே தளத்தை முதன்முறையாக, கைபேசியில், வெயிலிலோ ஓடும் பேருந்திலோ பார்க்கிறார். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பலவும் இந்த இடைவெளியில் கண்ணுக்குத் தப்பியவைதாம்.

அண்மையில் நாங்கள் பரிசோதித்த ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் தளத்தை எடுத்துக்கொள்கிறேன். முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் இருந்தது. ஒவ்வொரு படமும் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றப்பட்டது. அகலம் 6000 பிக்சல், எடை ஐந்தாறு எம்.பி. பெரும்பாலான கைபேசித் திரைகளின் அகலம் ஏறத்தாழ 1080 பிக்சல்தான் என்னும்போது, மீதியெல்லாம் பார்ப்பவரின் டேட்டாவை விழுங்குவதற்கு மட்டுமே பயன்பட்டன. அதே படத்தை 1600 பிக்சலுக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த படக்கோப்பு வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 300 கே.பி.க்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வேறுபாடும் தெரியாது. ஸ்லைடரையே எடுத்துவிட்டு ஒரு நல்ல படத்தை மட்டும் வைக்கும்படி நாங்கள் சொன்னபோது உரிமையாளருக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டாவது படம் வரும்வரை காத்திருக்கும் பார்வையாளர் மிகக் குறைவு என்பதே எங்கள் அனுபவம்.

அந்தத் தளத்தின் உண்மையான குறை எடையைவிடப் பெரியது. கூழ் வாங்க வரும் வெளிநாட்டு இறக்குமதியாளர் முதலில் தேடுவது ரகம் பெங்களூராவா அல்போன்சாவா, பிரிக்ஸ் எனப்படும் இனிப்பு அளவு எவ்வளவு, கிருமி நீக்கி அடைத்த அசெப்டிக் பையா டப்பாவா, ஒரு டிரம்மின் நிகர எடை என்ன, என்னென்ன சான்றிதழ்கள் உள்ளன என்பதைத்தான். முகப்பில் இருந்ததோ ‘எங்கள் இணையதளத்துக்கு வருக வருக’ என்ற வரவேற்பும் நிறுவனரின் படமும்தான். விவரங்கள் அனைத்தும் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஒன்றில், கைபேசியில் விரலால் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டிய நிலையில் கிடந்தன. வருபவர் கேட்கும் முதல் நான்கைந்து கேள்விகளை விற்பனைப் பிரிவில் தொலைபேசி எடுப்பவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றுக்கான விடைகளை முகப்பிலேயே எழுத்தாக வைப்பதுதான் வடிவமைப்பின் முதல் வேலை. நிறமும் படமும் அதற்குப் பிறகு வரட்டும்.

வேகத்துக்குக் கூகுள் வெளியிட்டிருக்கும் அளவுகோல்கள் எளிமையானவை. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும். பக்கம் திறக்கும்போது பகுதிகள் இடம் மாறிக் குதிக்கக்கூடாது. இந்த மூன்றாவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அழைப்புப் பொத்தானை நோக்கி விரல் இறங்கும் நேரத்தில் மேலே ஒரு படம் தாமதமாக வந்து அமர, பொத்தான் கீழே நகர்ந்து, விரல் வேறெங்கோ பட்டுவிடுகிறது. படத்தின் நீள அகலத்தை நிரலில் முன்கூட்டியே குறித்துவிட்டால் அதற்கான இடம் ஒதுக்கப்பட்டுவிடும்; செலவில்லாத திருத்தம் இது. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் யாரும் இவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். ஒகேனக்கல் செல்லும் மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் அறை தேடுபவருக்கு உங்கள் விடுதியின் பக்கம் திறக்குமா என்பதையும் ஒருமுறை நேரிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நம் பகுதித் தளங்களில் நான் அதிகம் வருந்துவது தமிழைக் கையாளும் விதத்தைப் பார்த்துத்தான். ஃபிளெக்ஸ் அடிக்கும் டி.டி.பி. கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. அவற்றில் தட்டிய உரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் கலவைதான் தெரியும். இதற்கு மாற்றாக வடிவமைப்பாளர் அந்த உரையைப் படமாக்கித் தளத்தில் ஒட்டிவிடுகிறார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கூகுள் தேடலில் அதிலுள்ள ஒரு சொல்லும் அகப்படாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, முகவரியை நகலெடுத்து மேப்பில் இட முடியாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. பழைய உரையை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் பல உள்ளன. மாற்றிய பிறகு ஒரு முறை மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம். கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொள்கை’ வேறொன்றாகி நிற்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

யூனிகோடுக்கு வந்த பின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. சந்தையில் கிடைக்கும் டெம்பிளேட்டுகள் எனும் ஆயத்த வடிவங்கள் ஆங்கிலத்துக்காக அளந்து தைத்த சட்டை; தமிழுக்கு அவை தோளில் இறுகும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் தமிழின் மேல்விலங்குகளும் கீழ்வளைவுகளும் ஒன்றோடொன்று முட்டும் என்பதால், எழுத்தளவைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வரி உயரம் வைப்பது எங்கள் வழக்கம். ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் முடியும் பொத்தானில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று எழுதினால் சொல் வெளியே வழியும். அதை அடக்குவதற்காக எழுத்தைச் சிறிதாக்குவதைவிடப் பொத்தானை அகலமாக்குவதோ ‘அழைக்க’ என்று சுருக்குவதோ மேல். எனவே வடிவமைப்பின் முதல் நாளிலேயே மாதிரி ஆங்கில உரையை நீக்கிவிட்டு உண்மையான தமிழ் உரையை இட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலில் குறிக்கவும் மறக்கக்கூடாது. அதைக் கொண்டுதான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வாடிக்கையாளர்களுக்காகத் தானியங்கி மொழிபெயர்ப்புச் செருகியைச் சிலர் சேர்க்கிறார்கள். விலை, நிபந்தனை, முகவரி ஆகியவற்றை மட்டுமாவது மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாம்பழம் விற்கும் ஊர் என்பதாலோ என்னவோ, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து இங்கே பலருக்கும் பிடித்திருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்குமான ஒளிமாறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச அணுகல்தன்மை வழிகாட்டி; மாம்பழ மஞ்சளில் வெள்ளை 2:1ஐக்கூட எட்டாது. சித்திரை வெயிலில் கைபேசியைப் பிடித்துப் பார்த்தால் எண்களைப் படிக்காமலே இது விளங்கும்.

தொடர்புப் பக்கத்தைத் தனியே கவனிக்க வேண்டும். தொலைபேசி எண் படத்தின் மேல் எழுதப்பட்டிருந்தால் தொட்டவுடன் அழைப்புப் போகாது. பத்துக் கட்டங்கள் கொண்ட விசாரணைப் படிவத்தை நிரப்பும் பொறுமை யாருக்கும் இருக்காது. பெயர், எண், தேவை என மூன்று போதும், தேவையற்ற தனிப்பட்ட தகவல்களைச் சேகரிக்காமல் இருப்பது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில் பார்த்தாலும் நல்லதே. படிவத்தில் அனுப்பும் செய்தி எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது, அதை யார் திறக்கிறார் என்று உரிமையாளரைக் கேட்டால், பல நேரங்களில் வேலையை விட்டுப்போன ஓர் ஊழியரின் பெயர்தான் வருகிறது.

கடைசியாக, வடிவமைப்பைச் சேர்ந்ததல்ல என்றாலும் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. தளத்தின் முகவரியான டொமைன் பெயரை வடிவமைப்பாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிட்டு, அவர் எண் மாறியதும் புதுப்பிக்க வழியின்றி நிற்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். தளத்துடனான தொடர்பை மறைகுறியாக்க உதவும் பாதுகாப்புச் சான்றிதழும் இப்படித்தான்; லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, ஆனால் குறுகிய காலமே செல்லுபடியாகும் அந்தச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்கப்படாவிட்டால் ஒருநாள் காலையில் உங்கள் வாடிக்கையாளரின் திரையில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து நிற்கும். வடிவமைப்பாளருக்கு இறுதித் தவணையைக் கொடுப்பதற்கு முன், டொமைன் கணக்கையும், தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கையும் உங்கள் மின்னஞ்சலைக் கொண்டு நீங்களே ஒருமுறை திறந்து, டொமைனின் பதிவுதாரராக உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, காலாவதி நாள் எது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.