இங்கிலாந்தில் பாய்லர் மாற்றுகிறீர்களா? சட்டம் என்ன கேட்கிறது, நீங்கள் என்ன கேட்க வேண்டும்

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பழைய கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு இன்னொரு கேஸ் பாய்லர் வைப்பதற்கு, வீட்டுச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் கிடைக்கும் என்று சொல்லக்கூடிய பொதுவான அரசு மானியம் எதுவும் இங்கிலாந்தில் இல்லை. 'பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்' என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது கேஸ் பாய்லருக்கு ஒரு பென்னிகூடத் தராது. பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் போன்ற வேறு ஏற்பாட்டுக்குப் போகிறவர்களுக்கான பணம் அது. 2022-ல் தொடங்கியபோது, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்புக்கு 5,000 பவுண்டு கொடுத்தார்கள், 2023 அக்டோபரில் அதை 7,500 ஆக்கினார்கள். விண்ணப்பத்தை நாம் போட வேண்டியதில்லை, எம்சிஎஸ் என்ற தரச்சான்று பெற்ற, பொருத்தித் தரும் நிறுவனம் நமக்காக ஆஃப்ஜெமிடம் (திட்டத்தை நடத்தும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு) போடும், தொகையை நம் பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஹீட் பம்ப் பொருத்துவதற்கு 2027 மார்ச் வரை வாட் வரியும் கிடையாது, கேஸ் பாய்லருக்கு வழக்கமான 20 சதவீதம் உண்டு. அரசு எந்தப் பக்கம் நம்மைத் தள்ளப் பார்க்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

2010-ல் நிலைமை வேறு. அந்த ஜனவரியில் 'பாய்லர் ஸ்கிராப்பேஜ்' என்று ஒரு திட்டம் வந்தது, திறனில் கடைசி இடமான 'ஜி' தரத்தில் கிடந்த பழைய பாய்லரை மாற்றினால் 400 பவுண்டு வவுச்சர், மொத்தம் 1,25,000 வீடுகளுக்கு. சில மாதங்களிலேயே தீர்ந்துபோனது. அதன் பிறகு 2013 முதல் 'ஈகோ' என்ற பெயரில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவும்படி மின்சார, கேஸ் நிறுவனங்கள்மீது அரசு ஒரு கடமையைச் சுமத்தியது. அது பல கட்டங்களாக நடந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு, எதற்கு என்ற விதிகள் மாறின. அதனால் 'இலவச பாய்லர்' என்று ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டிவிடாதீர்கள். அன்றைய தேதிக்கு உங்களுக்கு என்ன உதவி உண்டு என்பதை அரசின் தளத்திலோ உங்கள் கவுன்சிலிலோ பார்ப்பதுதான் பாதுகாப்பு.

சரி, மானியம் இல்லை, சொந்தப் பணத்தில்தான் மாற்றப் போகிறீர்கள். அப்படியானால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடங்கள் எவை என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு உரியது கிடைத்ததா என்று பார்க்க அதுதான் அளவுகோல்.

2005 ஏப்ரல் 1-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டட விதிகளின்படி புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும். அதைப் பொருத்தவே முடியாத அளவுக்குச் சிக்கலான வீடுகளுக்கு மட்டும், ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி விலக்கு வாங்கலாம். எண்ணெயில் ஓடும் பாய்லருக்கு இதே விதி 2007-ல் வந்தது. எனவே இன்று கடைக்காரர் 'இது கண்டென்சிங் மாடல், ஸ்பெஷல்' என்று சொன்னால் அதில் ஸ்பெஷல் ஒன்றும் இல்லை, விலக்கு உள்ள வீடுகளைத் தவிர வேறு எதையும் பொருத்தவே முடியாது.

அது என்ன கண்டென்சிங்? கேஸ் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. பழைய பாய்லரில் அந்த நீராவி சூட்டோடு சூடாகப் புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும், கேஸின் மொத்தச் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். கண்டென்சிங் பாய்லரில் உள்ளே இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (புகையின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) பெரியது, ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு ஆறித் திரும்பும் தண்ணீரை அந்தப் புகையில் காட்டி, புகையைக் குளிரவைத்து, நீராவியைத் தண்ணீராக்குகிறது. அப்படி ஆகும்போது வெளிப்படும் வெப்பமும் வீட்டுக்குள் வந்து சேருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நீராவி நீராகாது, உங்கள் விலை உயர்ந்த கண்டென்சிங் பாய்லர் சாதாரண பாய்லராகத்தான் ஓடும். இந்த நிபந்தனையை மனதில் வையுங்கள், மீதி எல்லாமே இதைச் சுற்றித்தான்.

2018 ஏப்ரல் 6-ல் 'பாய்லர் பிளஸ்' வந்தது. இது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் வைக்கும் கேஸ் பாய்லருக்குக் குறைந்தது 92 சதவீதத் திறன் வேண்டும், நேரத்தையும் அறையின் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் சாதனம் வேண்டும், வீடு தேவையான அளவு சூடானதும் பாய்லர் தானாக நிற்க வேண்டும். இவை எல்லோருக்கும். காம்பி பாய்லர் என்றால் (அதாவது தனித் தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் வெந்நீர் தருவது) இன்னொரு ஏற்பாடும் கட்டாயம், நான்கில் ஒன்று: வெளியேறும் புகையிலிருந்து மிச்ச வெப்பத்தைப் பிடிக்கும் கருவி, வெளியே எவ்வளவு குளிர் என்று பார்த்து ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை மாற்றும் வெதர் காம்பன்சேஷன், அறை எவ்வளவு சூடாக வேண்டியிருக்கிறது என்று பார்த்து அதையே செய்யும் லோட் காம்பன்சேஷன், இல்லையென்றால் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். ஸ்மார்ட் என்றால் போனிலிருந்து ஆன், ஆஃப் செய்வது மட்டும் போதாது, தானாகக் கற்றுக்கொண்டு ஓட்டத்தைச் சரிசெய்யும் வசதியும் அதில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் கடைசி வழியைத்தான் எடுக்கிறார்கள், மாட்டுவது எளிது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. விதியும் நிறைவேறிவிடுகிறது. எனக்கு அதில்தான் குறை தெரிகிறது. அந்த தெர்மோஸ்டாட்டை வெறும் ஆன், ஆஃப் சுவிட்ச் போல வயரிங் செய்துவிட்டுப் போனால், பாய்லர் எரியும் ஒவ்வொரு முறையும் தண்ணீரை 75, 80 டிகிரிக்குத்தான் ஏற்றும், திரும்பி வரும் தண்ணீர் பெரும்பாலான நேரம் 55-க்குக் கீழே இறங்காது. வெதர் காம்பன்சேஷனோ லோட் காம்பன்சேஷனோ இருந்தால் தண்ணீரின் சூடே தேவைக்கு ஏற்ப இறங்கும், அதனால்தான் நான்கில் எது என்று முடிவெடுக்கும் உரிமையை நிறுவனத்திடம் விட்டுவிடாதீர்கள் என்கிறேன். கொட்டேஷன் வரும்போதே கேளுங்கள்: 'நான்கில் எதைப் போடுகிறீர்கள்? அது பாய்லரின் தண்ணீர்ச் சூட்டைக் குறைக்குமா, இல்லை ஆன், ஆஃப் மட்டும்தானா?' இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

அந்த 92 சதவீதம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இன்னும் புரியும். சோதனைக்கூடத்தில் இரண்டு நிலையில் பாய்லரை ஓட்டிப் பார்க்கிறார்கள். முழு வேகத்தில், 80 டிகிரியில் அனுப்பி 60-ல் திரும்பும்படி ஒன்று. மெதுவாக, 30 டிகிரியில் தண்ணீர் திரும்பும்படி இன்னொன்று. இறுதி மதிப்பெண்ணில் இரண்டாவதற்கு 85 சதவீத எடை, முதலாவதற்கு வெறும் 15. நம் வீட்டு ரேடியேட்டரிலிருந்து 30 டிகிரியில் தண்ணீர் எப்போதாவது திரும்புமா? அபூர்வம். ஆக லேபிளில் உள்ள எண் பொய் இல்லை, ஆனால் நாம் ஓட்டுகிற விதத்தில் வரும் எண்ணும் இல்லை.

இதற்கு நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் காசு வேண்டாம். காம்பி பாய்லரின் முகப்பில் பெரும்பாலும் இரண்டு திருகு குமிழ் அல்லது இரண்டு பொத்தான் தொகுதி இருக்கும், ஒன்றில் குழாய்ப் படம், மற்றதில் ரேடியேட்டர் படம். ரேடியேட்டர் படம் உள்ளதை 60 டிகிரிக்கு இறக்குங்கள். 2022 டிசம்பரில் அரசு நடத்திய பிரச்சாரத்திலேயே இதைத்தான் சொன்னார்கள். ரேடியேட்டர் தொட்டால் முன்போல் சுடாது, மிதமான சூட்டில் நீண்ட நேரம் இருக்கும், அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அதைப் பார்த்து 'பாய்லர் கெட்டுப்போச்சு' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிர் நாளில் போதவில்லை என்றால் அன்றைக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இப்படி இறக்கிவிடாதீர்கள், லீஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியாவது எட்ட வேண்டும், அதற்குப் பாய்லர் அதைவிடச் சூடாக ஓட வேண்டியிருக்கும்.

பாய்லர் மட்டும் இல்லாமல் குழாய்கள், ரேடியேட்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் 2022 ஜூன் 15-ல் நடைமுறைக்கு வந்த விதி உங்களுக்குக் கைகொடுக்கும். அதன்படி முழுவதும் புதிதாகப் போடும் ஹீட்டிங், 55 டிகிரி தண்ணீரிலேயே வீட்டைச் சூடாக்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும், அது முடியாத வீட்டில் முடிந்தவரை குறைவான சூட்டில். நடைமுறையில் இதற்கு ரேடியேட்டர்கள் பெரிதாக இருக்க வேண்டும். பழைய அளவையே திரும்ப மாட்டிவிட்டுப் போகப் பார்த்தால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு ஹீட் பம்புக்கு மாறினாலும் அதே பெரிய ரேடியேட்டர்கள் பயன்படும்.

நீராவி தண்ணீராகிறது என்றேனே, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? நன்றாக ஓடும் பாய்லர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வடிக்கும். லேசான அமிலம் அது, பிளாஸ்டிக் குழாய் வழியே வடிகாலுக்குப் போக வேண்டும். முடிந்தால் வீட்டுக்குள்ளேயே, சமையலறைக் கழிவுக் குழாயில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் குழாய் தடிமனாகவும், நீளம் குறைவாகவும், மேலே காப்பு உறை சுற்றியும் இருக்க வேண்டும். 2010 டிசம்பர் உறைபனியில் ஏராளமான வீடுகளில் இந்தக் குழாய் உறைந்து, சரியாகக் குளிர் உச்சத்தில் இருந்தபோது பாய்லர் நின்றது. உள்ளே தண்ணீர் களகளவென்று குமிழியிடும் சத்தம் வந்து பாய்லர் நின்றுவிட்டால் முதலில் வெளியே போய் அந்தக் குழாயைப் பாருங்கள், கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும், கொதிநீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும்.

காகிதங்கள். கேஸ் வேலையைச் செய்பவர் 'கேஸ் சேஃப்' என்ற சட்டப்படியான பதிவேட்டில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் (2009 ஏப்ரலுக்கு முன் இது 'கோர்கி'). அவருடைய கேஸ் சேஃப் அடையாள அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி இருக்கிறது என்று அங்கேதான் இருக்கும், எல்லோருக்கும் எல்லா வேலையும் கிடையாது. பாய்லரைப் பொருத்திய 30 நாட்களுக்குள் அவர் அந்த வேலையை கேஸ் சேஃபில் பதிவு செய்ய வேண்டும், அதன்பின் கட்டட விதிச் சான்றிதழ் உங்களுக்கு வரும். வரவில்லை என்றால் விடாமல் கேளுங்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று. 'பெஞ்ச்மார்க்' என்ற சரிபார்ப்புப் பட்டியலையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும், வருடாந்திர சர்வீஸ் விவரம் சேர்வதும் அதில்தான். சர்வீஸ் விட்டுப்போனால் உத்தரவாதத்தை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். பிளாட்டில் இருப்பவர்கள் புகைக்குழாயை வெளிச்சுவரில் புதிதாகத் துளைத்து எடுப்பதற்கு முன் ஃப்ரீஹோல்டரிடம் (கட்டடத்தின் சொந்தக்காரர்) எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பாதி கவலை இல்லை. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் பற்றிய 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் (லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் ஆக்ட்) 11-வது பிரிவின்படி வெப்பமும் வெந்நீரும் தரும் சாதனங்களைப் பழுதுபார்த்து வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு, சாதாரணக் குடியிருப்பு வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அது செல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை நடக்க வேண்டும், அதன் நகல் 28 நாட்களுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும், புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு உள்ளே நுழையும் முன்பே. 2022 அக்டோபர் முதல் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். ஆனால் ஓடுகிற பழைய பாய்லரைப் புதிதாக மாற்றித் தா என்று கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை, பழுதுபார்க்கக் கேட்கலாம், அவ்வளவுதான். வீட்டின் ஈபிசி (எரிசக்தித் திறன் சான்றிதழ்) தரம் கடைசி இரண்டான 'எஃப்', 'ஜி' என்று இருந்தால் கதை வேறு. 2020 ஏப்ரலிலிருந்து, பதிவு செய்த விலக்கு இல்லாமல் அப்படிப்பட்ட வீட்டை வாடகைக்கு விட்டு வைக்க முடியாது. பாய்லர் நின்றுபோய் வீட்டுக்காரர் இழுத்தடித்தால் எழுத்தில், தேதியோடு சொல்லுங்கள், பதில் இல்லையென்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போங்கள். 'அதீதக் குளிர்' அவர்களின் அபாயப் பட்டியலில் இருக்கிறது, வீட்டை வந்து பார்த்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.