பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இல்லாத பற்றுச்சீட்டு

கனகராயன் ஆற்றில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வன்னியில் இருப்பவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. சாரதி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். நீதவான் தண்டம் விதிக்கிறார். சாரதியின் மச்சான்காரர் காசை இரண்டுதரம் எண்ணி, நீதிமன்றக் காசாளரான சிறாப்பரின் யன்னலுக்குள் நீட்ட, காபன் தாள் வைத்து எழுதிய பற்றுச்சீட்டு வெளியே வருகிறது. அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்ததோடு அவருக்கு அலுவல் முடிந்தது. காசின் பயணம் இனித்தான் தொடங்குகிறது.

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, நீதிமன்றப் பதிவாளரின் கையால் போகும் காசு ஒரே இனமல்ல. தண்டப்பணம் அரசுக்குரியது, அதில் ஒரு பங்கு உள்ளூராட்சி மன்றங்களுக்கும் போய்ச் சேரவேண்டும். காசுப் பிணை அப்படியல்ல, வழக்கு முடிந்ததும் கட்டியவருக்கே திரும்பவேண்டிய கடன். பராமரிப்புக்கென்று கட்டப்படும் தாபரிப்புப் பணம் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. நீதிமன்றம் அதை வாங்கிக் கைமாற்றுகிறது. ஆக, பெட்டியில் இருப்பதில் கணிசமானது ஊராரின் காசு. இரண்டு வருடத்துக்கு மேல் தீர்க்கப்படாமல் கிடக்கும் வைப்புகளை என்ன செய்வதென்று அரசின் நிதி விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 571 தனியாகச் சொல்லவேண்டி வந்ததும் இதனால்தான்.

இதைச் சரிபார்க்க வரும் கணக்காய்வாளர் எங்கே தொடங்குவார்? பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அடிக்கட்டையைப் பார், காசேட்டில் விழுந்திருக்கிறதா பார், வங்கிக்குப் போனதா பார். இந்தப் பாதை அவசியம்தான். அரச அலுவலகங்களில் பாவிக்கும் பொது 172 படிவப் பற்றுச்சீட்டுகளில் தொடர் இலக்கம் அச்சடித்திருப்பதே, நடுவில் ஒன்று காணாமல் போனால் தெரியவேண்டும் என்பதற்காக. ஆனால் எழுதப்படவே இல்லாத பற்றுச்சீட்டை அந்தப் புத்தகத்தில் எத்தனை தரம் புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்கு மறுகரையிலிருந்து வரவேண்டும். தண்டம் எவ்வளவு என்ற கட்டளை வழக்கேட்டில் இருக்கிறது. அதை விதித்தவர் நீதவான். காசை வாங்கியவர் வேறு ஆள். இரண்டும் இரண்டு கையில் பிறந்த பதிவுகள். வழக்கேட்டிலிருந்து நூறு கட்டளைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டால் இல்லாதது தானாக வெளியே வரும். கட்டளைக்குப் பற்றுச்சீட்டும் இல்லை, கட்டத் தவறியதற்குப் பிடியாணையும் இல்லை என்றால், அந்த வழக்கு இலக்கம் கணக்காய்வாளரின் குறிப்பேட்டில் ஏறும். தீர்ப்புச் சரியா பிழையா என்று அவர் கேட்பதில்லை. அது அவர் எல்லைக்குள் வராது.

எத்தனை பார்ப்பது? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது இங்கே செல்லாது. சோறு சீராக வேகும், மோசடி அப்படி வேகாது. 3,000 கட்டளைகளில் 30 பிழை என்று வையுங்கள். குருட்டுவாக்கில் 60ஐ எடுத்தால், ஒன்றாவது அகப்பட ஏறத்தாழ 45 விழுக்காடுதான் வாய்ப்பு. 300 எடுத்தால் 95ஐத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், கட்டளைகள் 30,000 ஆகி, பிழையும் அதே நூற்றுக்கு ஒன்றாக இருந்தால், அப்போதும் 300 போதும். குழம்பில் உப்புப் பார்க்க, பானை பெரிதென்று பெரிய கரண்டியா எடுக்கிறோம்? நன்றாகக் கலக்கியிருந்தால் சரி. கலக்குவது என்பது இங்கே கட்டளைகளைத் திருவுளச்சீட்டுப்போலத் தெரிவுசெய்வது. பதிவாளர் எடுத்து நீட்டும் கோவைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் கணக்கு முழுக்கப் பொய்த்துவிடும்.

தாபரிப்புப் பணத்தில் நடக்கக்கூடிய களவு இன்னும் நுட்பமானது. திங்கட்கிழமை ஒருவர் கட்டிய 10,000 ரூபா யாரோ ஒருவரின் பைக்குள் போகிறது. புதன்கிழமை வேறொருவர் கட்டியதைத் திங்களின் பெயரில் பதிகிறார்கள். வெள்ளி வந்தது புதனை மூடும். மேல்குளம் வான்பாய்ந்து கீழ்க்குளம் நிறைவதுபோல ஒன்று மற்றதை நிரப்பிக்கொண்டே போகும். மொத்தத்தில் பள்ளம் தெரியாது. தெரிவது திகதியில். பற்றுச்சீட்டின் திகதி, காசேட்டின் திகதி, வங்கியில் போட்ட திகதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இரண்டு மூன்று நாள் இடைவெளி ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும். 'இன்னும் வரவில்லை, அடுத்த கிழமை வாங்கோ' என்று கேட்டுக்கேட்டுத் திரும்பிப்போகும் பெண்ணிடம் இதைக் கணக்காய்வாளருக்கு முன்பே விசாரித்திருக்கலாம்.

சான்றுப்பொருள் அறையும் இந்தக் கணக்கில் சேரும். பிடிபட்ட முதிரைக் குற்றியும் உழவு இயந்திரமும் காசுதான், மழையில் கரைகிற காசு. அங்கே பதிவேட்டை வைத்துக்கொண்டு நேரே போய் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

அரசாங்கத் திணைக்களங்களைக் கணக்காய்வு செய்யும் கடமையைக் கணக்காய்வாளர் நாயகத்துக்கு அரசியலமைப்பின் 154ஆவது உறுப்புரை கொடுக்கிறது. நீதிச்சேவை ஆணைக்குழுவையும் அது பெயர் சொல்லிச் சேர்க்கிறது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், அரசுக்கு நட்டம் உண்டாக்கியவரிடமே அதை அறவிடும் வழியையும் எழுதியது.

கணக்காய்வாளர் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து காசுப்பெட்டியை எண்ணும்போது சிறாப்பரும் பக்கத்தில் நிற்கவேண்டும், எண்ணி முடிந்ததும் கையெழுத்துப் போடவேண்டும். குறைந்தால் கேள்வி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2,500 ரூபா கூடினாலும் அதே கேள்விதான்: இது யாருக்கு எழுதாமல் விட்ட பற்றுச்சீட்டு? பதிலுக்கு அன்றைய வழக்கேடுகளைக் கொண்டுவரச் சொல்வார்கள்.