தயிர்சாதம் சாப்பிடும் நாயும் பித்தநீரில் கரையும் டாரினும்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. லேப்ரடாருக்கு மூன்று வயது. எடுத்து வந்த நாளிலிருந்து தயிர்சாதம், பருப்புசாதம்தான். நன்றாகத்தான் ஓடுகிறது, விளையாடுகிறது. பக்கத்து வீட்டு மாமா மட்டும் பார்க்கும்போதெல்லாம் ‘பாவம் செய்கிறீர்கள்’ என்கிறார். நாய் சைவமாக இருக்க முடியுமா, முடியாதா?"

முடியும். ஆனால் தயிர்சாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது.

முதலில் "நாய் என்பது வீட்டுக்கு வந்த ஓநாய், அதற்கு இறைச்சிதான் வேண்டும்" என்ற வாதம். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் நாய்களின் மரபணுத் தொகுப்பையும் ஓநாய்களின் மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் விவசாயம் தொடங்கி மிச்சத்தை வெளியே கொட்டினான், அதைச் செரிக்க முடிந்த நாய் பிழைத்தது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கூழும் பழைய சோறும் தின்று வளர்ந்த நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சைபீரியன் ஹஸ்கிக்கு மட்டும் இந்தப் பிரதிகள் மூன்று, நான்குதான். பனிநாட்டில் ஏது வயல்? அந்த ஹஸ்கிகளில் பன்னிரண்டை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2009-இல் வெளியானது. பந்தயத்தில் ஓடுகிற நாய்கள். பாதிக்கு இறைச்சித் தீவனம், பாதிக்கு சோயாவும் மக்காச்சோளப் புரதமும் சேர்த்த இறைச்சியில்லாத் தீவனம். 16 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் ரத்தம் நன்றாகவே இருந்தது. நன்றாக வெந்த மாவுச்சத்து என்றால் ஹஸ்கியும் சமாளித்துவிடுகிறது.

ஆகவே சோறு செரிக்குமா என்பது பழைய கேள்வி, பதில் கிடைத்துவிட்டது. எனக்குப் பிடித்த கேள்வி வேறு. அது பித்தநீரில் இருக்கிறது.

டாரின் என்று ஒரு சிறு மூலக்கூறு. கந்தகம் உள்ள அமினோ அமிலம், ஆனால் புரதச் சங்கிலியில் சேராது. உடம்பில் தனியாகவே திரியும். இதயத் தசையிலும் விழித்திரையிலும் நிறைய இருக்கும். 1827-இல் இரண்டு ஜெர்மானியர்கள் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது காளையின் பித்தநீரிலிருந்து. இறைச்சியில் இருக்கிறது, மீனில் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் அநேகமாக இல்லை.

"அப்படியானால் சைவ நாய்க்கு டாரின் எங்கிருந்து வரும்?" நாயின் கல்லீரலே செய்துகொள்ளும். சாப்பாட்டில் வரும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை சிஸ்டீனாக மாற்றும், அதிலிருந்து டாரின். பூனையின் கல்லீரலில் இந்தக் கடைசிப் படிகளுக்கான நொதிகள் மிக மந்தம். அதனால் பூனைக்கு டாரினைச் சாப்பாட்டில் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் போகும், இதயமும் தளரும். 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள்: இதயம் விரிந்து தொய்ந்துபோன பூனைகளுக்கு டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அந்தப் பூனைகள் தின்றது சைவமும் அல்ல, கடையில் விற்ற தீவனம்தான்.

சரி, நாய் தானே செய்துகொள்கிறதே, பிறகு என்ன கவலை? இங்கேதான் விஷயம் அழகாகிறது.

கல்லீரல் கொழுப்பைக் கரைக்கப் பித்த அமிலங்களைச் செய்கிறது. அவை தண்ணீரில் சரியாகக் கலக்க, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சிறு அமினோ அமிலத்தைக் கோத்து அனுப்ப வேண்டும். மனிதக் கல்லீரல் இதற்குப் பெரும்பாலும் கிளைசினைப் பயன்படுத்தும், கொஞ்சம் டாரினையும். கிளைசின் எல்லாப் புரதத்திலும் கிடைக்கிற மலிவுச் சரக்கு. டாரின் குறைந்தால் கிளைசினைப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். நாய்க்கு அந்த வசதி கிடையாது. அதன் கல்லீரலுக்கு டாரின்தான், மாற்றே இல்லை.

இப்படி டாரின் கோத்த பித்த அமிலங்கள் சிறுகுடலுக்குப் போய்க் கொழுப்பைக் கரைக்கின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 95 சதவீதம் மறுபடி உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திரும்புகின்றன. ஒரே நாளில் இந்தச் சுற்று பல முறை நடக்கும். கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகும் பாத்திரங்களைப் போல: அண்டா, தவலை எல்லாம் கடைக்குத் திரும்பிவிடும், ஆனால் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் நாலு கரண்டி காணாமல் போகும். கடைக்காரர் புதிதாக வாங்கி வைத்தால்தான் அடுத்த கல்யாணத்துக்குக் கணக்குச் சரியாகும்.

சாப்பாட்டில் சில வகை நார்ச்சத்து அதிகமானால் இந்த இழப்பு கூடுகிறது. நார், பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு பெருங்குடலுக்கு இழுத்துப் போய்விடும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் வாலில் இருக்கும் டாரினை வெட்டித் தின்றுவிடும். அரிசித் தவிட்டிலும் பீட்ரூட் சக்கையிலும் இது நடப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். போன டாரினைக் கல்லீரல் மறுபடி செய்ய வேண்டும், அதற்கு மெத்தியோனின் வேண்டும். பருப்பு வகைகளில் குறைவாக இருக்கிற அமினோ அமிலம் எது? அதே மெத்தியோனின். அதாவது பருப்பையே நம்பிய தீவனத்தில் வரவு குறைகிறது, நார்ச்சத்தால் செலவும் ஏறலாம். பெரிய உருவ நாய்கள் உடல் எடையோடு ஒப்பிட்டால் சின்ன நாய்களைவிடக் குறைவாகவே டாரின் செய்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்து லேப்ரடார் பெரிய நாய்ப் பட்டியலில்தான் வரும்.

தீர்வு கஷ்டமானதில்லை. டாரினையும் மெத்தியோனினையும் தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள், விலையும் அதிகமில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கோடு மெத்தியோனினைத் தூளாகக் கலந்து போடுவது அன்றாடம். பண்ணைக் கோழிக்கறியே அந்தத் தூள் கலந்த தீவனத்தில் வளர்ந்ததுதான்.

2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தானியமில்லாத நாய்த்தீவனம் தின்ற நாய்களுக்கு இதயம் விரிந்துபோகிறதாம். அடுத்த ஆண்டு 524 புகார்களை வெளியிட்டார்கள். அந்தத் தீவனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் தானியமில்லாதவை, 93 சதவீதத்தில் பட்டாணியோ மசூர் பருப்போ இருந்தது. கவனியுங்கள், பெரும்பாலானவற்றில் இறைச்சியும் இருந்தது. பல நாய்களுக்கு ரத்தத்தில் டாரின் சரியாகவே இருந்தது. ஆக டாரின் மட்டுமே காரணம் என்று முடிக்க முடியவில்லை. 2022 இறுதியில் அந்த நிர்வாகம், அர்த்தமுள்ள புதுத் தகவல் வந்தால் பேசுகிறோம் என்று நிறுத்திக்கொண்டது.

இந்தத் துறையில் என் பெரிய மனக்குறை பணம் எங்கிருந்து வருகிறது என்பது. 2022-இல் 2,536 நாய்களைப் பற்றிய ஆய்வு ஒன்று, சைவ நாய்கள் ஆரோக்கியமாக இருப்பதாகச் சொன்னது. நிதி தந்தது தாவர உணவைப் பரப்பும் அமைப்பு, தகவல் தந்தவர்கள் நாய் வளர்ப்பவர்கள். நாயைச் சைவமாக வளர்ப்பவர் அதற்கு உடம்பு சரியில்லை என்று சுலபத்தில் எழுதிக் கொடுப்பாரா? மறுபக்கம் தீவனக் கம்பெனிகள் காசு கொடுக்கிற ஆய்வுகள். 2024-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு உருப்படியானது: 15 நாய்கள், ஒரு வருடம், கடையில் விற்கும் சைவத் தீவனம், ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் பதினைந்துதான். அதே ஆண்டு பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கமும், சத்துக் கணக்கு சரியாக உள்ள சைவத் தீவனத்தை நாய்க்கு எதிர்க்கும் நிலையிலிருந்து இறங்கி வந்தது. கஞ்சியும் கூழும் தின்னும் நாய்கள் லட்சக்கணக்கில் உள்ள நம் நாட்டில் இதைப் பத்து வருடம் பின்தொடர அரசுப் பணம் ஒதுக்கினால் உலகத்துக்கே உபயோகமாக இருக்கும்.

இப்போது தயிர்சாதம். 300 கிராம் சாதம், 100 கிராம் தயிர் என்று வையுங்கள். தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது நூறு கிராம் சொச்சம். அதில் புரதம் சுமார் 11 கிராம், அதாவது பத்து சதவீதத்தை ஒட்டி. வளர்ந்த நாய்க்கு அமெரிக்கத் தீவனத் தரநிலை கேட்பது குறைந்தது 18 சதவீதம். கால்சியம் அரை சதவீதம் வேண்டும், தயிர்சாதத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். நாய் ஏன் இன்னும் ஓடுகிறது என்றால், ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில்கூட அளவு சரியாக இருப்பதுபோலவே தெரியும், எலும்புதான் மெலியும். வைட்டமின் டியும் அப்படி: நமக்கு வெயில் போதும், ஆனால் வாசலில் நாள் முழுக்க வெயில் காயும் நாயின் தோல் அதைப் போதுமான அளவு செய்யாது. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எலும்பில்லாத கோழியும் சாதமும் மட்டும் போட்டாலும் கால்சியம் இதே கதைதான்.

ரத்த ருசி கண்ட நாய்க்கு வெறி பிடிக்கும், அதனால் சைவம் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். வெறிநோய் வைரஸால் வருவது, தடுப்பூசிதான் காக்கும், தயிர்சாதம் காக்காது. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் வாகனம் என்று தெருநாய்களுக்குச் சோறு போடுகிறார்கள், போடட்டும், பசித்த வயிறு நிறைகிறது. ஆனால் புளியோதரையும் சாம்பார்சாதமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையால் நாயின் சிறுநீரகம் கெடுவதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க விஷமுறிவு மைய மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புளியில் அது ஏராளம்.

அந்த வாசகி செய்யக்கூடியது: ‘முழுமையான உணவு’ என்று அச்சிட்ட, வளர்ந்த நாய்க்கான சைவத் தீவனத்துக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம். டப்பாவின் பின்பக்கத்தில் டாரின், மெத்தியோனின், வைட்டமின் டி, வைட்டமின் பி12 நான்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே சமைத்துத்தான் போடுவேன் என்றால், அளவுகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி, கிராம் தராசில் நிறுத்துப் போட வேண்டும். குட்டிக்கும் சினை நாய்க்கும் வீட்டுச் சைவச் சோற்றை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம். மூன்று வருடம் தயிர்சாதத்தில் ஓடிவிட்டதால் லேப்ரடாருக்கு இதய எக்கோ ஒன்று எடுத்துவிடுவது நல்லது. டாரின் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) மட்டுமல்லாமல் முழு ரத்தத்திலும் அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிளாஸ்மா அளவு அன்றைய சாப்பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும்.