பளபளப்பு வேண்டும் என்றால் பாலிஷ்காரரையும் கொஞ்சம் பாருங்கள்

அறைக்குள் மறைப்பாக வைக்கும் மடக்கு ஸ்கிரீன் கேட்டு வருகிறவர்களில் சிலர் போனில் ஒரு படத்தோடு வருவார்கள். கறுப்பாக மின்னும் மரப்பலகைகள் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். உலோகக் கம்பியில் கோத்திருப்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும். ஐலீன் கிரே 1920களில் பாரிஸில் வடிவமைத்தது. "இதே மாதிரி, பத்துப் பதினைந்து நாளில் கிடைக்குமா?" என்பார்கள். மரவேலை முடிந்துவிடும். பூச்சுதான் அவசரத்துக்கு வளையாது.

கிரே 1878இல் அயர்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ஓவியம் படித்துவிட்டுப் பாரிஸில் குடியேறினார். அங்கே செய்ஸோ சுகவாரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு வேலையைப் பொறுமையாகக் கற்றார். அந்த லாக்கர் ஒரு மரத்தின் பால். மெல்லிசாகப் பூச வேண்டும், ஈரப்பதமான இடத்தில் இறுகவிட வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். நல்ல வேலை என்றால் இருபது தடவைக்கு மேல் போகும். வறண்ட காற்றில் அது சரியாக இறுகவே இறுகாது.

அந்தப் பாலில் உருஷியோல் என்ற பொருள் இருக்கிறது. தோலில் பட்டால் அரிப்பு, கொப்புளம். கிரேயின் கைகளும் தப்பவில்லை. நம் சேராங்கொட்டையும் முந்திரியும் அதே தாவரக் குடும்பம்தான். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம்.

அவருடைய 'விதி' என்ற சிவப்பு லாக்கர் ஸ்கிரீன் 1914இல் முடிந்தது. ஆடை வடிவமைப்பாளர் ஜாக் டூசே வாங்கினார். 1922இல் சொந்தக் கடை. அப்புறம் கட்டடக்கலைக்குப் போய், 1929இல் கடலோரமாக ஈ-1027 வீட்டை முடித்தார். பிறகு பல வருஷம் அவரைப் பேசுவாரில்லை. 1972இல் டூசேயின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோதுதான் திரும்பக் கவனித்தார்கள். அப்போது அவருக்கு வயது 94! 2009இல் அவருடைய நாற்காலி ஒன்று 2 கோடி யூரோவுக்கு மேல் போனது, அவர் இறந்து முப்பது வருஷத்துக்கும் பிறகு.

சரி, நம் பட்டறைக்கு வருவோம். இங்கே யாரும் மரப்பால் பூசுவதில்லை. அந்தக் கண்ணாடிப் பளபளப்புக்குப் பெரும்பாலும் பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ்தான். அது இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது அது மூச்சோடு உள்ளே போகும், ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலும் இழுப்பு வரும். நம் ஆட்களோ கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். துணியும் சாதாரண மாஸ்க்கும் இந்த ஆவிக்குத் தடையே இல்லை. குறைந்தபட்சம் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த, முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் மாஸ்க், கையுறை, கண்ணாடி வேண்டும். நாள் முழுக்க ஸ்ப்ரே என்றால் வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகக்கவசம்தான் சரி. தின்னரில் கை கழுவுகிற பழக்கம் தனிக் கொடுமை.

ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு: குடியிருக்கும் வீட்டின் ஹாலில் வைத்து ஸ்ப்ரே அடிக்கச் சொல்லாதீர்கள். பட்டறையில் அடித்து, நன்றாகக் காய்ந்து வாசனை அடங்கியபின் வரட்டும். பாலிஷ் கூலியில் பேரம் பேசினால் முதலில் வெட்டுப்படுவது கார்ட்ரிட்ஜ் மாற்றும் செலவுதான். கொட்டேஷனில் அதைத் தனி வரியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.