‘காலாவதியான தரவு’ என்பது தவறு: ‘ஸ்டேல்’ என்பதற்குத் தமிழ் என்ன?

இணையக் கடையில் விலை மாறியிருக்கும். உங்கள் திரையில் மட்டும் பழைய விலையே நிற்கும். நிரல் எழுதுகிறவர்கள் இதை ‘ஸ்டேல் டேட்டா’ என்பார்கள். தமிழில் உதவிக் குறிப்பு எழுதுகிறவர்களோ ‘காலாவதியான தரவு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் இதே தொடர்தான். கொஞ்சம் பிசகிய சொல் என்றால்கூட விட்டுவிடலாம். இது உள்ளே நடப்பதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது.

முதலில் சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ‘ஸ்டேல்’ ஆங்கிலத்தில் முதலில் மதுவுக்கு வழங்கியது. நாள்பட வைத்து, வண்டல் அடங்கித் தெளிந்தது என்ற நல்ல பொருளில். ரொட்டிக்கும் செய்திக்கும் ‘பழசாகிவிட்டது’ என்ற பொருளில் வந்தது பிற்பாடு. ‘காலாவதி’ என்பது காலமும் அவதியும் சேர்ந்த வடசொல். அவதி என்றால் எல்லை. குறித்த கெடு முடிந்தது என்பதே அதன் பொருள். வடசொல் என்பதற்காக நான் அதை எதிர்க்கவில்லை. மருந்து அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இங்கேதான் பொருந்தவில்லை.

ஏன் என்று பாருங்கள். சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது கூடவே ‘மேக்ஸ்-ஏஜ்=3600’ என்று ஒரு குறிப்பை வைக்கிறது. 3600 நொடிகள், அதாவது ஒரு மணி நேரம், இந்தப் படியை, அதாவது நகலை, என்னிடம் கேட்காமலே காட்டலாம் என்று அனுமதி. உலாவி அதை 10:00 மணிக்கு வாங்கி வைத்துக்கொள்கிறது. 10:05-க்குக் கடைக்காரர் விலையை மாற்றுகிறார். 10:30-க்கு அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருகிறீர்கள். உலாவி சர்வரிடம் கேட்பதே இல்லை, கையில் இருக்கும் படியை அப்படியே காட்டுகிறது. கெடு 11:00 வரை இருக்கிறதே! படி காலாவதி ஆகவில்லை என்பதால்தான் பழைய விலை தெரிகிறது. காலாவதி ஆகியிருந்தால் உலாவி சர்வரைக் கேட்டிருக்கும், புது விலை வந்திருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 11:00 மணிக்குப் பிறகு உலாவி, ‘என்னிடம் இருக்கும் படி இன்னும் செல்லுமா?’ என்று சர்வரைக் கேட்கிறது. மூலத்தில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் 304 என்ற பதில் வரும். அதே படி மறுபடி செல்லுபடியாகிவிடும். ஆக, காலாவதியான படி முழுக்கச் சரியாக இருக்கலாம், காலாவதியாகாத படி தப்பாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இவற்றை ஒரே சொல்லில் அடைத்தால் படிக்கிறவருக்கு எப்படிப் புரியும்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படியைச் சேமித்து வைத்துக் காட்டுவதற்கான விதிகளான ஹெச்.டி.டி.பி. கேஷிங் நெறிமுறையில், 2022-இல் வந்த அதன் ஆவணமான ஆர்.எஃப்.சி. 9111-இலும், ‘ஸ்டேல்’ என்றால் கெடு கடந்தது என்றே பொருள். அந்த நெறிமுறையைத் தமிழில் விளக்கும்போது ‘காலாவதி’ என்று தாராளமாக எழுதுங்கள். ஆங்கிலம் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திணறுகிறது என்பதற்காகத் தமிழும் திணற வேண்டுமா?

இன்னொரு தொல்லையும் உண்டு. ‘டேட்டா காலாவதி’ என்றால் நம் ஊரில் ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ‘உங்கள் தரவு காலாவதியானது’ என்று திரையில் வந்தால் ஒருவர் பேக் போடக் கிளம்புவாரே தவிர, பக்கத்தைப் புதுப்பிக்க மாட்டார்.

மாற்றாகச் சிலர் ‘பழமையான தரவு’ என்கிறார்கள். பழமையானது கோயில், அரை மணி நேரத்துக்கு முந்தைய விலைப்பட்டியல் அல்ல. ‘பழுதான தரவு’ என்பதையும் பார்த்தேன். பழுது என்றால் கெட்டுப்போனது, சிதைந்தது. இங்கே எதுவும் சிதையவில்லை. ‘நாள்பட்ட’ என்றால் நோய்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, எது பொருந்தும்? என் தேர்வு ‘பழம்படி’. ஏடுகளைப் பெயர்த்து எழுதியதைப் ‘படியெடுத்தல்’ என்றே சொல்லி வந்திருக்கிறோம். மூலம், படி என்ற இணை நமக்குப் புதிதல்ல. இந்தச் சிக்கலின் உயிர்நாடியும் அதுதான்: மூலம் எங்கோ மாறிவிட்டது, கையில் இருப்பது முந்தைய படி. பழஞ்சோறு, பழங்கதை போலப் பழம்படி. பழஞ்சோறு கெட்டுப்போன சோறு அல்ல, இன்று வடித்தது அல்ல, அவ்வளவுதான். ‘உங்கள் உலாவி பழம்படியைக் காட்டுகிறது’ என்றால் யார் மேல் குறை, என்ன குறை என்று இரண்டும் விளங்கிவிடுகின்றன. கூட்டுச்சொல் வேண்டாம் என்பவர்கள் ‘பழைய படி’ என்று பிரித்தே எழுதலாம். ‘பழையபடி’ என்று சேர்த்துவிட்டால் மட்டும் பொருள் மாறிவிடும், கவனம்.

மொழிபெயர்க்கிறவர்கள் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம், பொருளைப் பார்க்காமல் அகராதியின் முதல் வரியை எடுத்துப் போடுவதுதான். சர்வர் உலாவிக்கு அனுப்பும் ‘நோ-கேஷ்’ என்ற கட்டளையை ‘சேமிக்காதே’ என்று எழுதுகிறார்கள். அது சேமிப்பைத் தடுப்பதே இல்லை. வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்ட பிறகே காட்டு என்கிறது. சேமிக்கவே கூடாது என்பதற்கு ‘நோ-ஸ்டோர்’ தனியாக இருக்கிறது. வங்கிக் கணக்குப் பக்கத்துக்கு எதை வைப்பது என்று தேடுகிற புது நிரலர் இந்தத் தமிழை நம்பி நோ-கேஷ் போட்டால், வாடிக்கையாளரின் இருப்புத் தொகை பொதுக் கணினியின் வட்டில் தங்கிவிடலாம். நோ-ஸ்டோர் என்றால் ‘படி வைக்காதே’. நோ-கேஷ் என்றால் ‘கேட்காமல் காட்டாதே’ என்று எழுதுங்கள்.