கையெழுத்துக்கு முந்தைய மூன்று மாதங்கள்: ஐரோப்பிய ஏஐ கூட்டு ஆய்வுகள் எங்கே சிக்குகின்றன

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் பல நாட்டுக் குழுவாக மானியத்துக்கு விண்ணப்பித்தால், கடைசித் தேதியிலிருந்து ஐந்து மாதத்துக்குள் முடிவு தெரியும். அடுத்த மூன்று மாதத்துக்குள் மானிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இந்த மூன்று மாதத்தையும் பல குழுக்கள் படிவம் நிரப்புவதிலேயே கழித்துவிட்டு, முதல் ஆண்டு முழுக்க மின்னஞ்சலில் மல்லுக்கட்டுகின்றன. யாருடைய தரவு, எந்த இயந்திரம், வேலைக்கு ஆள் யார் என்ற கேள்விகளுக்கு அப்போதே விடை எழுதி வைத்திருந்தால் அந்த மின்னஞ்சல்களில் பாதி தேவைப்படாது.

ஆட்களைத் தேடுவது இப்போது பெரிய வேலை இல்லை. எல்லிஸ், கிளேர் என்ற இரண்டு வலையமைப்புகளும் 2018-இல் பிறந்தவை. ஐரோப்பாவின் முக்கியமான ஏஐ ஆய்வகங்களில் பலவற்றை இவற்றின் வழியாகவே எட்டலாம். விதியும் எளிது: ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகள் அல்லது இணை நாடுகள் (ஒன்றியத்துக்கு வெளியே இருந்து ஒப்பந்தப்படி இந்தத் திட்டத்தில் சேர்ந்தவை) மூன்றிலிருந்து மூன்று தனித்தனி நிறுவனங்கள், அவற்றில் ஒன்றாவது உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். மியூனிக்கும் பெர்லினும் சேர்ந்தால் கணக்கில் ஒரே நாடுதான். பிரிட்டன் 2024 முதலும் ஸ்விட்சர்லாந்து 2025 முதலும் இணை நாடுகள். இந்தியக் கல்வி நிறுவனமும் கூட்டாளியாகச் சேரலாம், ஆனால் பொதுவாகத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆள்-மாதக் கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரு மாதம் முழுநேரம் செய்யும் வேலைதான் ஓர் ஆள்-மாதம். எல்லோருக்கும் கொஞ்சம் என்று பங்கு பிரித்து, ஒரு கூட்டாளிக்கு 36 மாதத்தில் 6 ஆள்-மாதம் கொடுப்பார்கள். அதற்கு யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது. ஏற்கெனவே வேறு திட்டத்தில் மூழ்கியிருப்பவர் தலையில் அது விழும். அவருக்கு இந்தத் திட்டம் எப்போதும் இரண்டாவது வேலைதான். ஓர் ஆய்வாளருக்கு மாதம் 6,000 யூரோ செலவு என்று வைத்தால், 24 ஆள்-மாதம் 1,44,000. அதன்மேல் 25 சதவீத மறைமுகச் செலவு 36,000. ஆக 1,80,000 யூரோ. பன்னிரண்டு பேருக்குச் சில்லறையாகப் பிரிப்பதைவிட, ஆறு பேருக்கு இப்படி முழு ஆளாகக் கொடுப்பது நல்லது. சிறு நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைசி அறிக்கை ஏற்கப்படும்வரை வழக்கமாக மானியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கைக்கு வராது. மீதியைச் சொந்தப் பையிலிருந்து தாங்க முடியுமா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அதிகம் அடிபடுவது தரவில்தான். மருத்துவத் தரவை எடுத்துக்கொள்வோம். பெயரை நீக்கிக் குறியீட்டு எண் போட்டுவிட்டோமே, பிறகென்ன என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்படி, எண்ணை வைத்து ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியும்வரை அது தனிநபர் தரவுதான். ஒரு மருத்துவமனை நோயாளியின் ஒப்புதலைச் சட்ட அடிப்படையாக வைத்திருக்கும், இன்னொன்று பொதுநலனை வைத்திருக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒவ்வோர் இடத்திலும் தனியாக வாங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் ஒரு வரி வீதம் அட்டவணை போடுங்கள்: யார் பொறுப்பு, எந்தச் சட்ட அடிப்படை, கட்டடத்தை விட்டு வெளியே போகலாமா, எந்த வடிவம், எப்போது அழிக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தத் தரவு முதல் ஆண்டில் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

தரவு நகர வேண்டாம், மாடல் மட்டும் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்று பலர் கூட்டுக் கற்றல் முறைக்குப் போகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நெதர்லாந்து மருத்துவமனை ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோலில் எழுதும். இத்தாலியில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 5.5 என்பதும் 99 என்பதும் ஒரே அளவு. இடையே 18 மடங்கு. ஜெர்மனியில் இரண்டு அலகும் புழங்குகின்றன. போதாததற்கு, இந்த நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். ‘5,5’ என்பதை ஆங்கில அமைப்பில் இருக்கும் நிரல் 55 என்று வாசிக்கலாம், அல்லது இரண்டு நெடுவரிசையாக உடைக்கலாம். மூலத் தரவை யாரும் பார்க்க முடியாத முறை என்பதால் பிழை கண்ணில் படாது. நிரல் எங்கும் நிற்காது. மாடல்தான் சுமாராக வரும். ஆளாளுக்குக் கற்றல் வேகத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சி தொடங்கும் முன் ஒவ்வோர் இடத்திலும் ஒரே சரிபார்ப்பு நிரலை ஓட்டி, ஒவ்வொரு மாறிக்கும் நடுமதிப்பு, 5, 95-ஆம் சதமானங்கள், காலி இடங்களின் விகிதம் இவற்றை மட்டும் வெளியே அனுப்பச் சொல்லுங்கள். 18 மடங்கு வித்தியாசம் அந்த அட்டவணையில் பளிச்சென்று தெரியும். மருத்துவமனை ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் இணைப்பை விடாது என்பதால், உள்ளே இருக்கும் நிரல் 443 போர்ட் வழியாகத் தானே வெளியே அழைப்பதுபோல் அமையுங்கள்.

கணினி விஷயமும் இதே மாதிரிதான். ஐரோப்பாவின் பொது மீக்கணினிகளான யூரோஎச்பிசி இயந்திரங்களில் இடம் கிடைத்தது என்று மகிழும் முன் எந்த இயந்திரம் என்று பாருங்கள். பின்லாந்தின் கயானியில் இருக்கும் லுமியில் ஏஎம்டி எம்ஐ250எக்ஸ் ஜிபியுக்கள். பொலோன்யாவின் லியோனார்டோவில் என்விடியா ஏ100. என்விடியாவின் நிரலாக்கத் தளமான கூடாவில் சொந்தமாகக் கர்னல் (ஜிபியுவில் நேரடியாக ஓடும் சிறு நிரல்) எழுதிய குழு லுமிக்குப் போனால், அதை முதலில் ஏஎம்டியின் ஹிப்புக்கு மாற்ற வேண்டும். பைடார்ச் என்ற ஏஐ நூலகத்தில் எழுதிய சாதாரண நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடும். அதில் ஒட்டியிருக்கும் துணை நூலகங்கள்தான் காலை வாரும். லுமியின் ஒரு நோடில் (மீக்கணினிக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினி) நான்கு ஜிபியு அட்டைகள், ஆனால் நிரலுக்கு அவை எட்டாகத் தெரியும். ஒதுக்கீட்டைக் கணக்கிடும்போது இதில் குழம்பி இரட்டிப்பாகவோ பாதியாகவோ கேட்டுவிடுகிறார்கள். லட்சக்கணக்கான சிறு படக்கோப்புகளையும் அப்படியே ஏற்றாதீர்கள். இணைக் கோப்பு அமைப்பு திணறிவிடும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் வடிவில் சில நூறு கோப்புகளாக்கி ஏற்றுங்கள்.

வெளியீட்டுக்கு வருவோம். கூட்டாளிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலான கூட்டமைப்புகள் டெஸ்கா என்ற முன்மாதிரியைப் பயன்படுத்துகின்றன. அதில் கட்டுரை வெளியிட 45 நாள் முன்னறிவிப்பு, ஆட்சேபம் சொல்ல 30 நாள் என்று இருக்கும். ஏஐ மாநாட்டுக் கட்டுரையோ கடைசி இரவில்தான் முடியும். தலைப்பும் சுருக்கமும் 45 நாள் முன்பு அனுப்பினால் போதும் என்றோ, காலத்தைக் குறைத்தோ, கையெழுத்துக்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். அப்புறம் என்றால் ஒவ்வொரு கூட்டாளியின் சட்டப் பிரிவும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வு மாணவரைப் பகிர்ந்துகொள்வதுதான் எங்கள் பார்வையில் மிக உறுதியான ஒட்டு. எல்லிஸ் முனைவர் திட்டத்தில் இரண்டு நாடுகளில் இரண்டு நெறியாளர்கள்; மாணவர் குறைந்தது ஆறு மாதம் மற்ற நாட்டில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போன மாணவருக்கு இங்கே ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஆய்வாளர் அனுமதியில் இருப்பவர் இன்னோர் உறுப்பு நாட்டில் குறுகிய காலம் தங்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/801 நெறிமுறை (டைரக்டிவ்) 360 நாளில் 180 நாள் தருகிறது. தொடர்ந்து ஆறு மாதம் என்பது பெரும்பாலும் 180 நாளைத் தாண்டிவிடும். அப்போது நீண்டகாலத் தங்கலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த நெறிமுறையில் இல்லை. ஸ்விட்சர்லாந்து உறுப்பு நாடே இல்லை.

இன்னும் ஒன்று, நாட்காட்டி. ஜனவரி 1-இல் தொடங்கும் திட்டத்தில் எட்டாம் மாத டெலிவரபிள் (ஒப்படைக்க வேண்டிய அறிக்கை அல்லது விளைபொருள்) என்றால் கெடு ஆகஸ்ட் 31. கோடை விடுமுறை என்பதால் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றிலும் அலுவலகத்தில் ஆள் இருக்காது. நார்டிக் நாடுகள் ஜூலையிலேயே கிளம்பியிருக்கும். பத்தாம் மாதத்துக்குத் தள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் என்றால் திட்ட அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.