18 இஞ்ச் ரிம்மும் டெல்டா ரோடும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் அலைன்மென்ட் பட்டறைக்கு ஒரே மாதிரியான கேஸ்கள் வரத் தொடங்கும். இடது பக்க டயரின் சைடுவாலில், அதாவது பக்கச் சுவரில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். ரிம் ஓரத்தில் ஒரு நசுங்கல். 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. பெரும்பாலும் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீல் மாட்டிய கார்களாகவே இருக்கும்.

ஏன் இடது பக்கம் என்பது இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிறீர்கள். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். எதிரே பஸ் வந்தால் இடது சக்கரங்களைத் தாரை விட்டு இறக்கியாக வேண்டும். மழையில் ஓர மண் கரைந்துபோய், தார் விளிம்பு ஒரு படியாக நிற்கும். பஸ் போனதும் வேகத்தைக் குறைக்காமல் மேலே ஏறினால் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் சைடுவால் நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. அதுதான் வீக்கம். இதற்கு எந்தப் பஞ்சர் கடையிலும் வைத்தியம் கிடையாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எனவே அகல டயர் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது சைடுவால் உயரத்தைப் பற்றி. ஐ20 என் லைன் காரில் கம்பெனி கொடுப்பது 195/55 ஆர்16. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம், 16 என்பது இஞ்சில் ரிம்மின் விட்டம், 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால் என்பது. கணக்குப் போட்டால் 107 மி.மீ. வரும். 215/45 ஆர்17 போட்டால் 97. 215/40 ஆர்18 போட்டால் 86. மூன்றிலும் சக்கரத்தின் மொத்த விட்டம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வேறுபடும். ஸ்பீடோமீட்டரும் ஏறக்குறைய சரியாகவே காட்டும். கடைக்காரர் இதைச் சொல்லித்தான் விற்பார், பொய்யும் இல்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்ற இருந்த 107 மி.மீட்டரில் 21 போய்விட்டதை அவர் சொல்ல மாட்டார்.

அகல டயரால் லாபம் உண்டு. காய்ந்த ரோட்டில் வளைவில் வண்டி ஊன்றி நிற்கும், ஸ்டியரிங் திருப்பியதும் முன்பக்கம் உடனே கேட்கும். ஆனால் தரையில் படும் ரப்பரின் பரப்பு அகலத்துக்கு ஏற்ப அப்படியே கூடிவிடாது. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் பாரமும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடினால் படும் இடத்தின் வடிவம் மாறுகிறது: குறுக்கில் நீண்டு, நெடுக்கில் குறைகிறது. வளைவில் இது நல்லது. தண்ணீரில் இதுவே வினை.

தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நாலு வழிச் சாலையில் கார்த்திகை மழையில் 100ல் போகிறவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன். டயர் தன் முன்னால் இருக்கும் தண்ணீரைத் தன் முகத்தில் வெட்டியிருக்கும் காடி வழியாக வெளியேற்றிக்கொண்டே போக வேண்டும். அகலமானால் ஒதுக்க வேண்டிய தண்ணீர் கூடுகிறது. ஒதுக்க முடியாத வேகம் வந்ததும் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கிறது. அப்போது பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. சட்டப்படி காருக்குக் காடி ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும். அகல டயர் போட்டவர்களிடம் நான் 3 மி.மீ. வந்தாலே மழைக்கு முன் மாற்றச் சொல்வேன். காடி குறைவாக இருக்கும் ரேஸ் மாதிரி டயர்கள் இங்கே வேண்டவே வேண்டாம். உழவு முடிந்து டிராக்டர் தாரில் உதிர்த்துவிட்டுப் போகும் களிமண் ஒன்றே போதும், வண்டி வழுக்க.

சரி, ரிம் விஷயம். அதன் உள்பக்கம் ஈ.டி. என்று ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் ஆப்செட்: ரிம் ஹப்பில் உட்காரும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். ரிம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை, விற்கிறவர்களில் சிலரும்தான். 6 இஞ்ச் அகல, ஈ.டி. 45 ரிம்முக்குப் பதில் 7 இஞ்ச், ஈ.டி. 35 மாட்டினால் சக்கரம் கிட்டத்தட்ட 23 மி.மீ. வெளியே வரும். போட்டோவில் அழகு. வீல் பேரிங்குக்கு அது தினசரி கூடுதல் சுமை, ரோட்டில் பள்ளமாகத் தடம் விழுந்திருந்தால் ஸ்டியரிங் தானாக அதை நோக்கி இழுக்கும். ஆப்செட்டை மாற்றாமல் 7 இஞ்ச் போட்டாலும் உள்பக்கம் 13 மி.மீ. நெருங்கும். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் உரசுகிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

நடு ஓட்டையையும் பாருங்கள். ஐ20, ஸ்விஃப்ட் ஹப்புக்கு 54.1 மி.மீ., போலோவுக்கு 57.1. கடையில் கிடைக்கும் அலாய்களில் பல 73.1 துளையோடு எல்லாக் காருக்கும் பொதுவாக வருகின்றன. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது, எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் உதறல் நிற்காது. போலோக்காரர்களுக்கு இன்னொன்று: கம்பெனி போல்ட்டின் தலை அடி உருண்டை, வெளி அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் தேவை. பழைய போல்ட்டையே முடுக்கி அனுப்பினால் ஓரங்களில் மட்டும் பட்டு நிற்கும், ஓடஓடக் கழலும்.

“அண்ணே, வீல் மட்கார்டுக்குச் சமமா நிக்கணும், அவ்வளவுதான்” என்று ஒரு தம்பி வந்தார்.

“அப்பா, அம்மா, அத்தை எல்லாரையும் ஏத்திக்கிட்டுத் திருநள்ளாறு போவீங்களா?”

“சனிப்பெயர்ச்சிக்குப் போவோம்ணே, அஞ்சு பேர், டிக்கி நிறைய பை.”

“அப்ப அந்த நாளுக்குத்தான் நாம அளவு பார்க்கணும் தம்பி.”

காலி வண்டியில் உரசாத டயர், ஐந்து பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும்போது மட்கார்டின் உள்விளிம்பை அறுக்கும். டயரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் இதற்காகத்தான்: 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 82 என்றால் 475. கம்பெனி எண்ணுக்குக் கீழே போகக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் நிர்ணயித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உங்கள் மாடலின் டாப் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு என்றால் வாதமே இல்லை. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கையேட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். புது அலாயை இன்சூரன்ஸில் எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், தினமும் ஓட்டும் வண்டிக்கு 16 இஞ்சிலேயே நின்று, அதே அளவில் ஈர ரோட்டுக்குப் பேர் போன நல்ல டயராக நான்கு வாங்குவேன். மலிவு ரிம், மலிவு 215 டயர் இரண்டையும் சேர்த்தால் ஆகிற செலவில் இது முடிந்துவிடும், பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் காலிலேயே தெரியும். 17 வேண்டும் என்றே நிற்பவர்கள் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரை உள்ள ரிம்மாகப் பாருங்கள், வெல்டிங் போட்டுப் பெயின்ட் அடித்த பழைய ரிம்மைத் தொடாதீர்கள். சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் தட்டு கேட்டு என்னிடம் வராதீர்கள், மாட்ட மாட்டேன்.

மாட்டிய அன்றே நாலு பேரை ஏற்றிக்கொண்டு, கும்பகோணத்துச் சன்னதித் தெரு ஏதாவது ஒன்றில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முன்னும் பின்னும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மட்கார்டின் உள்ளே சாக்பீஸ் தடவி வைத்தால், உரசிய இடம் டயரில் வெள்ளையாகத் தெரியும். 100 கிலோமீட்டர் ஓடியதும் வந்து போல்ட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள், அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.